மறுமணம் செய்யாத சான்று

தம்பி,

நீ அனுப்பிய தாள் செவ்வாய்க்கிழமை காலை என் போனுக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி முழுதும் படித்தேன். இடது பக்கம் குடும்ப பென்ஷன், ராணுவ மருத்துவ அட்டை, கேன்டீன் அட்டை, வீட்டு வரிச் சலுகை என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டிருந்தாய். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ‘நின்றுவிடும்’, ‘நின்றுவிடும்’ என்று எழுதியிருந்தாய். எனக்கு எண்பது வயது ஆகும்வரை மொத்தம் எவ்வளவு நஷ்டம் என்று அடியில் சிவப்பில் ஒரு தொகை. அதற்கும் கீழே, ‘யோசிச்சு முடிவு பண்ணும்மா’ என்று ஒரு வரி. ஐம்பது வயதில் உன் அம்மா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று போனில் சொன்னதற்கு, மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நீ அனுப்பிய பதில் இதுதான். நீ ஆடிட்டர், ஊரார் வருமானத்துக்கெல்லாம் கணக்குத் தாள் போடுகிறவன். பெற்றவளுக்கும் ஒன்று போட்டுவிட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு உலை வைக்கவில்லை.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பினால், ‘அம்மா கோவமா இருக்காங்க’ என்று படித்து மடித்து வைத்துவிடுவாய். அதனால்தான் அச்சில் வரட்டும் என்று கொடுத்திருக்கிறேன். நவம்பர் மாதம் வங்கியில் என்னோடு வரிசையில் நிற்கிற பெண்களும் படிக்கட்டும். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்பாய். தேவைதான். இதைப் படித்துவிட்டு ஒரு வீட்டார் வேண்டாம் என்று ஒதுங்கினால் அந்தச் சம்பந்தம் நமக்கும் வேண்டாம்.

உன் அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டினார் என்பது உனக்குத் தெரியும். அவர் முகம் நினைவிருக்காது. மலைப் பாதையில் ரேஷன் மூட்டைகளோடு வண்டி உருண்டு அவர் இறந்தபோது உனக்கு மூன்று வயது முடியவில்லை, எனக்கு இருபத்தைந்து. அவர் பணியில் இருக்கும்போது இறந்தாரா, தன் தவறால் இறந்தாரா என்று விசாரித்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருஷமும் நான் என் அண்ணன் வீட்டில் உன்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்படியில் பேசாமல் நின்றேன். கடைசியில் பணியில் இறந்தவர்தான் என்று ஒப்புக்கொண்டு அதற்குரிய பென்ஷனைக் கொடுத்தார்கள். சேர்ந்து வந்த பணத்தில்தான் உழவர்கரையில் இந்த இரண்டு அறை வீட்டைக் கட்டினேன். நீ ஆடிட்டர் படிப்புக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வரிச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? எதிரியோடு சண்டையில் செத்தவர் குடும்பத்துக்கு வருகிற பென்ஷனுக்கு வரி கிடையாது, அப்பா மாதிரி வண்டி கவிழ்ந்து செத்தவர் குடும்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்று வாசித்துக் காட்டினாய். “குண்டு பட்டு செத்தா ஒரு சாவு, வண்டி உருண்டு செத்தா வேற சாவாம்மா? ரெண்டு பேரையும் அனுப்புனது ஒரே கவர்மெண்ட்டுதானே?” என்று கத்தினாய். நமக்கு வந்த பென்ஷன் வரி கட்டுகிற அளவுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. இருந்தாலும் உன் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவைத் தெரியாத பிள்ளைக்கு அப்பாவுக்காகக் கோபம் வருகிறதே என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைதான் ‘நின்றுவிடும்’ என்று நான்கு தடவை தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறான்.

உன் தாளில் ஒரு விஷயத்துக்குக் கட்டம் இல்லை. நான் சொல்கிறேன், சேர்த்துக்கொள். நவம்பர் வந்தால் எல்லாப் பென்ஷன்காரர்களும் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. செத்தவருக்குப் பணம் போய்விடக் கூடாது. ஆனால் என்னைப் போன்றவர்கள் அதோடு இன்னொரு தாளும் கொடுக்க வேண்டும். ‘நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது உண்மைதான் என்று ஓர் அரசு அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேறு வங்கிகளில் எப்படியோ, நம் வங்கியில் வருஷம் தவறாமல் கேட்டார்கள். நான் இருபத்து நான்கு தாள் கொடுத்திருக்கிறேன். ஒரு வருஷம் கையெழுத்துக்காகப் போன இடத்தில் ஒரு தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெளியில எதுவும் இல்லையேம்மா? நான் கையெழுத்துப் போடறேன், நாளைக்கு எனக்குப் பிரச்சினை வரக் கூடாது” என்றார். நான் இல்லை சார் என்று தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது முப்பது வயது. இன்னொரு வருஷம் வங்கி கவுன்டரில் இருந்த பெண் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து உரக்கக் கேட்டாள்: “ஆன்ட்டி, ரீமேரேஜ் ஒண்ணும் ஆகலல்ல?” பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்துத் தெரு சுபேதார். மனைவி இறந்து பத்து மாதத்தில், வேளைக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்று சொல்லி வேறு கல்யாணம் செய்துகொண்டார். தப்பில்லை, நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவருடைய பென்ஷனில் ஒரு காசு குறையவில்லை. புது மனைவியின் பெயரைத் தன் பென்ஷன் காகிதத்தில் சேர்க்க ஒரு விண்ணப்பம் கொடுத்தார், அவ்வளவுதான். அவர் மறுமணம் செய்துகொண்டாரா என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. சிப்பாய் கல்யாணம் செய்துகொண்டால் குடும்பம் ஆகிறது, சிப்பாயின் விதவை கல்யாணம் செய்துகொண்டால் மோசடி ஆகிறது. இதற்கு உன் சட்டப் புத்தகத்தில் என்ன பெயர் என்று பார்த்துச் சொல்.

நம் எதிர்வீட்டு மதாமுக்கும் இதே கதைதான். அவருடைய வீட்டுக்காரர் சொல்தா. பாண்டிச்சேரியிலிருந்து போய்ப் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் போன பிறகு மதாமுக்கு அங்கிருந்து பாதிப் பென்ஷன் வருகிறது. அதற்கும் வருஷா வருஷம் ஒரு தாள் உண்டு. அந்தத் தாளை ஒருநாள் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். மறுபடி கல்யாணம் ஆயிற்றா என்று முதலில் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகாமலே யாருடனாவது குடித்தனம் நடத்துகிறாயா என்று அடுத்துக் கேட்கிறார்கள். “பாத்தியாடி, உங்க கவர்மெண்ட்டு கல்யாணத்தோட உட்டுடுது. எங்களுது அதுக்கு மேலயும் எட்டிப் பாக்குது” என்று சொல்லி மதாம் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் அவரவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு காப்பி குடித்தோம். அன்றைக்குச் சிரிப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புதான் என் வாழ்க்கையில் பதினேழு வருஷத்தைத் தின்றது.

எப்படி என்று சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயது. நம் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் சேவியர் இருந்தார். காலை ஐந்தரைக்கு சைக்கிளில் வருவார், வால்வைத் திருகிவிட்டு நம் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பார். நான் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார், உனக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தார், உனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: “எனக்கு சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க. உங்களுக்கு சம்மதம்னா கட்டிக்கலாம். நீங்க சாமி மாத்த வேணாம், நானும் மாத்தல. பையன் அவங்க அப்பா இனிஷியலோடவே இருக்கட்டும். யோசிச்சு சொல்லுங்க, தண்ணி வரும்போது வரேன்.” தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலரில் ஊசி கோணலாக ஓடியது. பிடித்திருந்தது தம்பி. மகனிடம் ஒரு தாய் இதைச் சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

மதாமிடம்தான் ஓடினேன். தெருவிலேயே பென்ஷன் விவரம் தெரிந்தவர் அவர்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல மனுஷன்டி. ஆனா கட்டிக்கின மறுமாசமே பென்ஷன் நிக்கும். எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் எழுதிக் கொடுத்துகினுதானே இருக்கேன்” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பிரான்ஸ் நாட்டு விதி. என் புருஷன் செத்தது இந்திய ராணுவத்தில். பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்குப் பென்ஷன் என்றால் சொல்தா வீட்டுப் பென்ஷன்தான். எந்த வீட்டில் பென்ஷன் பேச்சு எடுத்தாலும் அந்த விதியைத்தான் பேசுவார்கள். எதிர்வீட்டு அரசாங்கத்தின் விதியைக் கொண்டுவந்து என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு எந்த ஊரிலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

எப்படியோ விஷயம் ஒரே வாரத்தில் உன் அப்பா ஊருக்குப் போய்விட்டது. உன் தாத்தா, ராணுவத்தில் இருந்து எப்போதோ திரும்பிய ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், நான் நின்றேன். “வெளி ஆளைக் கட்டினா நிக்கும். ஊட்டுக்காரர் தம்பியைக் கட்டினா நிக்காது, அதுதான் ரூலு” என்றார் பெரியவர். “அப்புறம் என்ன? சின்னவனுக்கு இன்னும் ஆகல. காசும் ஊட்டோட இருக்கும், புள்ளையும் ஊட்டோட இருக்கும்” என்றார் உன் தாத்தா. காசைத்தான் முதலில் சொன்னார், கவனித்தாயா? உன் சித்தப்பா என்னைவிட ஐந்து வயது சின்னவன். நான் அந்த வீட்டுக்குப் போன புதிதில், அவன் பரீட்சைக்குப் படிக்கும்போது தூங்கிவிடாமல் இருக்க டீ போட்டுக் கொடுத்தவள் நான். அவனைக் கட்ட மாட்டேன் என்று சொன்னேன். சேவியரையும் கட்டவில்லை. மதாம் ஒன்று சொன்னார், பெரியவர் ஒன்று சொன்னார், இரண்டும் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு பொருந்துகிறதே, அப்போது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகம் இந்த ஊரிலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் அரை மணி நேரம். வீட்டு வரிச் சலுகைக்கான சான்றிதழுக்கு வருஷா வருஷம் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தேன். உனக்குப் படிப்பு உதவித்தொகைக்குப் போனேன், ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்கப் போனேன். ஆனால் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் இவளுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது என்று நினைப்பார்கள், ஒருவேளை அதற்கே பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். சிரிப்பு வருகிறதா? அந்தத் தலைமை ஆசிரியர் பார்த்த பார்வையை ஒருமுறை வாங்கியிருந்தால் உனக்கும் பயம் வந்திருக்கும். இது நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பை உனக்குச் செய்தேன். சேவியர் வேறு பகுதிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். “சேவியர் மாமா ஏம்மா வரல?” என்று நீ தினமும் கேட்டாய். ஒருநாள் தாங்க முடியாமல், “அவன் நல்லவன் இல்லடா, இனிமே அவன் பேச்சை எடுக்காதே” என்று சொல்லிவிட்டேன். நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். அடுத்த மாசம் மீன் வாங்க உன்னையும் அழைத்துக்கொண்டு வைத்திக்குப்பம் போயிருந்தேன். படகுகளுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். உன்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினார். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவர் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீனை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். போன வாரம் போனில் நீ, “அந்த ஆளா? எனக்கு சின்ன வயசுலேர்ந்தே அந்த ஆளைப் புடிக்காதும்மா” என்றாய். உனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடிக்காமல் செய்தது நான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடமும் கேட்டுவிட்டேன், “சின்னப் புள்ளைதானே” என்று மட்டும் சொன்னார்.

போன வருஷம் எனக்கு டெங்கு வந்தது. உனக்கு ரிட்டர்ன் போடும் கடைசி வாரம். வர முடியவில்லை, பணம் அனுப்பினாய். குறை சொல்லவில்லை, உன் வேலை அப்படி. ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் கண்ணைத் திறந்தபோது கட்டில் பக்கத்தில் சேவியர் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். மதாம் சொல்லி அனுப்பியிருக்கிறார். தலை நரைத்துவிட்டது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வயதான அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு தனியாகவே இருந்துவிட்டார். என்னால்தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாசம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை கேட்டது நான். அவர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தால் எனக்கு அறுபது ஆகிவிடும்.

கேட்ட மறுநாள் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரியும் முன்னாள் ராணுவத்தினர்தான். உட்காரச் சொன்னார். என் காகிதங்களை வாங்கி நிதானமாகப் பார்த்தார். நான் எனக்கு என்று சொல்லாமல், தெரிந்த பெண்ணுக்கு என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். இருபத்து நான்கு வருஷப் பழக்கம் போகுமா? அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்துவிட்டு, “உங்களுக்குத்தானேம்மா? நல்லது. எதுக்குக் கூச்சம்?” என்றார். பிறகு சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் டியூட்டியில இறந்திருக்காரு. இந்த வகை பென்ஷன்ல, பிள்ளைய நீங்களே வச்சி வளர்த்தா, நீங்க யாரைக் கட்டினாலும் நிக்காதும்மா. ஊட்டுக்காரர் தம்பியத்தான் கட்டணும்ங்கிறது பழைய கதை. அது மாறி எவ்வளவோ வருஷமாச்சு.” எப்போது மாறியது என்று கேட்டேன். சொன்னார். சேவியர் சைக்கிளில் நின்று கேட்ட காலைக்குச் சில வருஷம் முன்பே மாறியிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார். அழுகை வரும் என்று பயந்தார் போல. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. விதி மாறியதை எனக்கு ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட இந்த அரசாங்கத்துக்கு ஆள் இல்லையா? மறுமணம் செய்தாயா, செய்தாயா என்று வருஷா வருஷம் கேட்க மட்டும் ஆள் இருந்ததே! அந்தத் தாளின் அடியிலேயே ‘செய்துகொண்டாலும் உனக்கு நிற்காது’ என்று ஒரு வரி அச்சடித்திருக்கலாமே! கேள்வியை அச்சடித்தவர்கள் பதிலை அச்சடிக்கவில்லை. என் தப்பு பாதி, ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு யார் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பார்கள்?

சரி, இப்போது செய்துகொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பையன் தலையெடுத்துட்டான். இப்ப எப்படின்னு பென்ஷன் ஆபீசுக்கு எழுதித்தான் கேக்கணும். அப்படியே வரலாம், குறையலாம். வாயால யார் சொன்னாலும் நம்பாதீங்க, என்னையும் சேத்துத்தான். எழுத்துல வாங்குங்க” என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை. தாள் போட்டு அனுப்பினாயே, நீ யாரிடம் கேட்டுப் போட்டாய்? உன்னைப் போன்ற படித்தவனும் மதாம் சொன்னதையும் உன் தாத்தா சொன்னதையும்தானே கட்டம் கட்டி, சிவப்பில் கூட்டிப் போட்டிருக்கிறாய்? ஊரில் ஒரு சின்னக் கடைக்காரருக்கு வரி தவறாக வந்துவிட்டால் ராத்திரி பகலாகச் சட்டத்தைப் புரட்டுகிறவன், உன் அம்மா விஷயத்தில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

பணம் முக்கியம் இல்லை என்று பெரிய மனுஷி மாதிரி பேச மாட்டேன். அந்தப் பென்ஷன் இல்லாவிட்டால் நீ படித்திருக்க முடியாது, நான் யார் வீட்டு அடுப்படியிலோ இன்னும் நின்றுகொண்டிருப்பேன். குறைந்தால் கஷ்டம்தான். மறுபடி நாலு பள்ளிக்கூடச் சீருடையை எடுத்துத் தைப்பேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். அது உன் அப்பாவின் உயிருக்கு இந்த நாடு தருகிற பணம். நான் தனியாகப் படுத்துத் தனியாக எழுந்திருப்பதற்குக் கூலியாக யாரும் தரவில்லை, அப்படித் தருவதாக இருந்தால் நான் வாங்கவும் மாட்டேன். உன் அப்பா உயிரோடு இருந்தவரை என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. அவர் பெயரைச் சொல்லி என்னை அதட்டுகிறவர்கள்தான் அதிகம். அதில் நீயும் சேராதே.

உனக்கும் கல்யாணம் ஆகப் போகிறது. உன் சம்பளம், சேமிப்பு, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மனைவிக்கு முதல் மாசமே காட்டு. நீ இல்லாமல் போனால் அவளுக்கு எது வரும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடு. அதன் அடியில், இதை வாங்கிக்கொண்டு நீ உன் இஷ்டப்படி இரு என்று ஒரு வரி சேர்த்து எழுது. உன் அப்பாவுக்கு அப்படி எழுதிவைக்கத் தோன்றவில்லை. இருபத்தெட்டு வயதில் யாருக்குத் தோன்றும்? உனக்கு இப்போது அந்த வயதுதான், ஆனால் உனக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.

நல அலுவலகத்தில் கேட்டதை மதாமிடம் வந்து சொன்னேன். எழுபத்தெட்டு வயது மனுஷி, நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். “நான்தான்டி உன்னைக் கெடுத்தேன். என் தாளைப் பாத்து உனக்கு ஜோசியம் சொல்லிட்டேனே” என்று அழுதார். அவரைத் தேற்றி முடிப்பதற்குள் எனக்கு என் கோபம் மறந்தே போய்விட்டது. கோபத்தை அவர்மேல் காட்டி என்ன செய்ய? அவரும்தான் முப்பது வருஷமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சேவியருடைய சாமியும் மாறவில்லை, என் சாமியும் மாறவில்லை என்பதால் பதிவுத் திருமணம்தான். நோட்டீஸ் கொடுத்து, அலுவலகப் பலகையில் ஒட்டியும் ஆயிற்று. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாமாம். மகன் போட்ட பென்ஷன் கணக்கு ஆட்சேபத்தில் சேருமா என்று கேட்டேன். சேராது என்று அங்கே இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த மாதம் இரண்டாம் திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மதாம் ஒருவர், தன் பிரெஞ்சுப் பேனாவால்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். சேவியருடைய அக்கா மகன் ஒருவர். மூன்றாவது கையெழுத்துக்கு, நம் தெருவில் மீன் விற்கும் செல்வி வருகிறேன் என்றாள். “எனக்குக் கையெழுத்துத்தான் போடத் தெரியும்க்கா, வேற ஒண்ணும் படிக்கத் தெரியாது” என்றாள். அது போதும் என்றேன். கல்யாணம் ஆனால் எனக்கு என்ன நஷ்டம் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன்னிடம் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை. செல்வியிடம் மட்டும் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பத்தரை மணிவரை அந்த மூன்றாவது இடம் உனக்கு. அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் செல்விக்கு.

அம்மா